வாயில்லா இணையின் நோவு

வீட்டில் வளரும் விலங்குகளுள் தன் துன்பத்தை வாய்விட்டுச் சொல்லாதது முயல். பசித்தால் பசு குரல் கொடுக்கும்; கன்றைப் பிரித்தால் கதறும். நாய் முனகும். ஆடு விடாமல் கத்தி அடுத்த வீட்டாரையும் எழுப்பிவிடும். முயலோ, உயிர் போகும் அச்சத்தில் ஒருமுறை வீரிடுவதன்றி, நோயிலும் நோவிலும் ஊமையாகவே இருக்கிறது. நரிக்கும் பருந்துக்கும் இரையாகப் பிறந்த இனம் அது. நோயுற்றதைத்தான் வேட்டை விலங்கு முதலில் குறிபார்க்கும். ஆகவே, நோயை மறைத்து நலமுடையது போல நடமாடுவதே முயலுக்கு இறைவன் அளித்த தற்காப்பு. காட்டில் அதைக் காக்கும் இந்தக் குணமே வீட்டுக் கூண்டில் அதற்கு ஆபத்தாகிறது. அது சொல்லாது, ஆதலால் வளர்ப்பவர் பார்த்தறிய வேண்டும்.

திருநெல்வேலிச் சந்திப்புக்கு வடக்கே, மதுரை செல்லும் சாலையை ஒட்டிய தச்சநல்லூரில் நாங்கள் குடியிருக்கிறோம். சில ஆண்டுகளாக எங்கள் வீட்டின் பின்கட்டில் இரண்டு முயல்கள் இணையாக வாழ்ந்து வருகின்றன. புதுநன்மைக்கும் பிறந்தநாளுக்கும் பிள்ளைகளுக்கு முயல் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இப்போது நம் பங்குகளில் பரவிவருகிறது. அதனால் நாங்கள் கண்டதும் கற்றதும் சில குடும்பங்களுக்கேனும் பயன்படலாம் என்ற எண்ணத்தில் இதனை எழுதுகிறோம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். தமிழில் முயல் என்னும் ஒரே சொல்லால் இரண்டு விலங்குகளைக் குறிக்கிறோம். நம் உடைமரக் காடுகளிலும் தேரிகளிலும் தரிசுகளிலும் அந்தி வேளையில் பாய்ந்தோடுவது காட்டு முயல். பிடரியில் கறுப்புத் திட்டுடையது. அது தனித்து வாழும், வளை தோண்டாது, அதன் குட்டி கண் திறந்து மயிரோடு பிறக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவலாக இருப்பதால், அதனைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வீட்டில் வளர்ப்பதோ வேறு இனம். ஸ்பெயின், போர்ச்சுக்கல் நாடுகளைத் தாயகமாகக் கொண்டது. நிலத்தடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. அதன் குட்டி கண் மூடி, மயிரின்றிப் பிறக்கும். நீதிமொழிகள் நூலின் 30-ஆம் அதிகாரத்தில் சிறியவையாயினும் ஞானமுள்ள நான்கு உயிர்களுள் ஒன்றாக வரும் குறுமுயலோ இவ்விரண்டும் அன்று. அது பாறை இடுக்குகளில் வாழும் பிறிதொரு விலங்கு.

வீட்டு முயலைப் பற்றித் திருச்சபையோடு தொடர்புடைய ஒரு கதையும் நெடுநாள் வழங்கிவந்தது. கி.பி. 600 அளவில் திருத்தந்தை பெரிய கிரகோரியார், பிறந்த முயல்குட்டி இறைச்சி ஆகாது என அறிவித்தாராம். அதனால் தவக்காலத்தில் உண்பதற்காகப் பிரான்சு நாட்டுத் துறவியர் முயல் வளர்க்கத் தொடங்கினராம். அவ்வாறே காட்டு முயல் வீட்டு முயலாயிற்றாம். 2018-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் உள்ளிட்ட குழுவினர் இக்கதையை ஆராய்ந்து, திருத்தந்தை அத்தகைய ஆணை எதுவும் பிறப்பித்ததற்குச் சான்றில்லை என்று காட்டினர். தூர் நகர ஆயர் கிரகோரியாரின் எழுத்தில் வரும் ஒரு செய்தியே, பெயர் ஒற்றுமையால் மாறி வழங்கியிருக்கிறது. முயல் ஒரே நாளில் வீட்டு விலங்காகிவிடவில்லை. மெல்ல மெல்லப் பல நூற்றாண்டுகளில் மனிதரோடு பழகியது என்பதே அவர்கள் முடிவு.

கூட்டமாக வாழும் இனமாதலால் தனி முயல் ஏங்கும். கூண்டுக் கம்பியை ஓயாது கடிக்கும். அல்லது ஒரு மூலையில் உறைந்து கிடக்கும். ஆகவே இரண்டாக வளர்ப்பது நன்று. ஆனால் இரண்டை வாங்கி ஒரு கூண்டில் இட்டுவிட்டால் அவை இணையாகிவிடும் என எண்ணுதல் தவறு. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ஆண்கள் 3 மாதம் வரை ஒன்றன்மேல் ஒன்று படுத்துறங்கும். பருவம் வந்ததும் குருதி வரக் கடித்துக்கொள்ளும். ஆணும் பெண்ணுமாயின் பெருக்கம் வேறு வகையில் வீட்டை நிறைக்கும். முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். ஈன்ற அன்றே அது மீண்டும் சினையுறவும் கூடும். ஆதலால் வாங்கியவுடன் கால்நடை மருத்துவரிடம் காட்டி, எது ஆண், எது பெண் எனத் தெரிந்துகொள்வது முதற்கடமை. காயடித்த ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்த இணையே பெரும்பாலும் அமைதியாக வாழ்கிறது. காயடித்த பின்னும் சில வாரங்கள் ஆணைப் பிரித்து வைத்தல் வேண்டும். நமக்கு அருகே இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கிவருவது இப்பகுதியினருக்கு ஒரு பேறு.

எங்கள் இணையில் ஆண் சாம்பல் நிறம், பெண் வெள்ளை. பிள்ளைகள் அவற்றுக்கு இட்ட பெயர்கள் மாதத்துக்கு ஒருமுறை மாறுவதால், நிறத்தையே பெயராகக் கொள்வோம். இரண்டையும் அடுத்தடுத்த கூண்டுகளில், நடுவே கம்பி வலை இருக்கும்படி சில வாரங்கள் வைத்திருந்தோம். ஒன்றின் மணம் மற்றதற்குப் பழகிய பின், இரண்டுக்குமே புதிதான ஓர் அறையில் நாள்தோறும் சிறிது நேரம் சந்திக்கவிட்டோம். முதலில் முதுகு காட்டி அமர்ந்தன. பின்னர் எதிரெதிரே அமர்ந்து புல் தின்றன. ஒருநாள் வெள்ளை தன் தலையைத் தாழ்த்தித் தரையோடு வைத்தது. சாம்பல் அதன் நெற்றியை நக்கியது. அன்றுமுதல் இரண்டும் ஒரே கூண்டில்.

இணை நலமாக இருப்பதன் அடையாளங்கள் எளியவை. இரண்டும் விலாவோடு விலா ஒட்டிப் படுக்கும். ஒன்று மற்றதன் நெற்றியையும் காதோரத்தையும் நக்கிவிடும். ஒரே தட்டில் உண்ணும். ஒன்று எழுந்து சென்றால் மற்றது சற்று நேரத்தில் பின்தொடரும். இவற்றை நலமாயிருக்கும் நாள்களிலேயே பார்த்து மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வழக்கம் எதுவெனத் தெரிந்தவருக்கே வழக்கம் மாறியது தெரியும்.

பிணக்கின் அடையாளங்களோ படிப்படியாக வருவன. அருகருகே படுத்தவை தனித்தனி மூலையில் படுக்கும். ஒன்று வரும்போது மற்றது விலகும். காதுகள் முதுகோடு ஒட்டிப் படியும், வால் உயரும். துரத்தல் தொடங்கும். கூண்டின் தரையில் மயிர்க் கற்றைகள் கிடக்கும். ஒன்றன் வாலை மற்றது பற்ற முயன்று வட்டமாகச் சுழலத் தொடங்கினால், அடுத்த நொடி கடும்போர் என்று அறிக. இவற்றுள் எல்லாம் அஞ்சத்தக்கன அல்ல. புதிய இணை தமக்குள் யார் மூத்தவர் என்று ஒழுங்கு செய்துகொள்ளும் முதல் வாரங்களில், சிறிது துரத்தலும் மேலேறுதலும் இயல்பே. ஆனால் ஒன்று மற்றதை உண்ணவும் நீர் அருந்தவும் விடாமல் தடுத்தாலோ, ஒன்று மூலையை விட்டு வெளிவரவே அஞ்சினாலோ, குருதி கண்டாலோ பிரித்துவிடத்தான் வேண்டும்.

சண்டை மூண்டால் வெறுங்கையை நடுவே நீட்டுதல் கூடாது. தடித்த துண்டு அல்லது சாக்கினை அவற்றின்மேல் போட்டுப் பிரிக்க வேண்டும். பின்னர் மயிரை விலக்கி உடல் முழுதும் தடவிப் பார்த்தல் தேவை. முயலின் தோல் மெல்லியது. கடிவாய் மயிரினுள் மறைந்துவிடும். சில நாள் கழித்து அங்கே கட்டி எழும். முயலின் சீழ் தயிர்க்கட்டி போல் இறுகியிருப்பதால் தானாக வடிந்து ஆறாது. மருத்துவர் கைபட்டே தீரும். பிரித்த இணையை மறுநாளே சேர்த்துவைத்துச் சமாதானம் பேச முடியாது. கம்பி வலையை நடுவே இட்டு, முதலில் பழக்கியதுபோல் மீண்டும் தொடங்க வேண்டும்.

இனி, நாங்கள் இக்கட்டுரையில் சொல்ல விரும்பும் முதன்மையான செய்திக்கு வருகிறோம். நெடுநாள் ஒற்றுமையாக வாழ்ந்த இணை திடீரெனப் பிணங்கினால், அதனைப் பிணக்கு என்று மட்டும் கருதலாகாது. இரண்டில் ஒன்றுக்கு எங்கோ நோவு இருக்கிறது என்பதன் அடையாளமாகவும் அது இருக்கும். நோவுற்ற முயல் தொடவந்த துணையைக் கடிக்கும். நோயால் ஒன்றன் மணமும் நடையும் மாறியதைக் கண்டு மற்றது மிரளும், துரத்தும். சண்டை வெளியே தெரியும். நோய் உள்ளே மறைந்திருக்கும்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய பெருமழையை நம் மக்கள் எளிதில் மறவார். தாமிரபரணி கரைபுரண்டது. எங்கள் பின்கட்டிலும் நீர் ஏறியதால், முயல்களைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியின் கீழுள்ள சிறிய இடத்தில் வைத்தோம். மின்சாரம் இல்லை. இருட்டு, ஈரம், நெரிசல். இரண்டாம் நாள் சாம்பல், வெள்ளையைத் துரத்தலாயிற்று. பழகிய இடம் மாறினால் முயல்கள் நிலைகுலைவது உண்டு. அதற்கு முன்னும் ஒருமுறை கூண்டைச் சுண்ணாம்படிக்க வெளியே வைத்தபோது இவ்வாறு நேர்ந்து, இரண்டு நாளில் அடங்கியது. ஆயினும் பள்ளிக்கு விடுமுறையாதலால் வீட்டிலிருந்த எங்கள் மூத்த மகள், அவற்றின் முன்னே அமர்ந்து அரைமணி நேரம் பார்த்திருந்துவிட்டு வந்து மூன்று செய்திகள் சொன்னாள். வெள்ளை புல்லை வாயில் எடுக்கிறது, ஆனால் மென்று விழுங்காமல் கீழே விடுகிறது. அதன் மோவாய் நனைந்திருக்கிறது. அதன் பக்கத்தில் கிடக்கும் புழுக்கைகள் மிளகளவாகச் சிறுத்துவிட்டன.

நீர் வடிந்து வழி திறந்தவுடன் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றோம். அவர் சிறு விளக்கால் வாயினுள் நோக்கி, கடைவாய்ப் பற்களின் ஓரம் கூர்முனையாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருப்பதைக் காட்டினார். முயலின் பற்கள் முன்பல், கடைவாய்ப்பல் எல்லாமே வாழ்நாள் முழுதும் வளர்பவை. புல்லை அரைத்து அரைத்தே அவை தேயும். சிலவற்றுக்குப் பல் அமைப்பு பிறவியிலேயே நேராக இல்லாமல், எவ்வளவு புல் தின்றாலும் ஒருபுறம் மிகுந்து வளரும். வெள்ளைக்கு அத்தகைய வாய் என்றார் மருத்துவர். மயக்கமளித்து முனைகளை அராவினார். வலி தணிக்கும் மருந்து கொடுத்து, சில நாள்களுக்குத் தீவனத்தை நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாக் குழலால் வாயோரத்தில் சிறிது சிறிதாகப் புகட்டச் சொன்னார்.

இன்னொரு நல்ல செய்தியும் அவரிடமிருந்தே கற்றோம். இணையில் ஒன்றை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்போது மற்றதையும் உடன் கொண்டுசெல்வது நல்லது. தனியே சென்று மருந்து வாடையோடு திரும்பும் துணையை, வீட்டிலிருந்தது அடையாளம் காணாமல் தாக்கிவிடும். நாங்கள் இரண்டையும் ஒரே கூடையில் கொண்டு சென்றிருந்தோம். திரும்பும் வழியில் சாம்பல் அதனைத் துரத்தவில்லை. மயக்கம் தெளியாது கிடந்த அதன்மேல் சாய்ந்து அமர்ந்திருந்தது. நான்காம் நாள் வெள்ளை தானாக ஒரு அறுகம்புல்லை மென்று விழுங்கியது. வீடே அதனைச் சுற்றி நின்று பார்த்தது.

இதே நாள்களில் எங்கள் வீட்டில் வேறொன்றும் நிகழ்ந்தது. வெள்ளத்திற்குப் பிறகு பிள்ளைகளின் ஆச்சிக்குச் சினம் மிகுந்திருந்தது. குழம்பில் உப்பு, முற்றத்தில் சேறு, கிறிஸ்துமஸ் பலகாரம் என எதிலும் மருமகளோடு வாக்குவாதம். வழக்கமாக அவர்கள் அவ்வளவு பேசுகிறவர்கள் அல்லர். இரவுச் செபத்துக்கு முழந்தாளிடும் அவர்கள் இரண்டு நாளாக நாற்காலியை விட்டு எழவில்லை. மூத்த மகள்தான் அருகில் சென்று, “ஆச்சி, உங்களுக்கு எங்கே வலிக்கிறது?” என்று கேட்டாள். “எனக்கு ஒன்றுமில்லை தாயி” என்றார்கள். “முயலும் அப்படித்தான் இருந்தது ஆச்சி” என்றாள் பிள்ளை. ஆச்சி சிரித்துவிட்டார்கள், பிறகு கண் கலங்கினார்கள். சேலை ஓரத்தை விலக்கி வலது காலைக் காட்டினார்கள். சேற்றுநீரில் நடந்தபோது எதுவோ கிழித்த புண், உள்ளங்காலின் ஓரத்தில் கறுத்து வீங்கியிருந்தது. அவர்களுக்குச் சர்க்கரை நோய் உண்டு. வெள்ளத்தால் வீட்டுக்குச் செலவு ஏறியிருக்கும் வேளையில் தம்மால் ஒரு செலவு வேண்டாமென்று மறைத்திருக்கிறார்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இன்னும் சில நாள் சென்றிருந்தால் விரலை எடுக்க நேர்ந்திருக்கும் என்றார் மருத்துவர். மூன்று வாரம் கட்டுப் போட்டு ஆறிற்று. வீட்டில் வாக்குவாதமும் ஆறிற்று.

முயலையும் பெற்ற தாயையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நாங்கள் முனையவில்லை. மனிதருக்கு உரிய மதிப்பு வேறு. ஆயினும் பார்க்கும் கண் ஒன்றே. எளிய உயிரிடம் பழகிய கண்தான் அன்று ஆச்சியிடமும் கண்டது. சினத்துக்குப் பின்னால் நோவு ஒளிந்திருக்கலாம் என்பதை அந்தப் பிள்ளை எந்த நூலிலும் படித்ததில்லை.

முயல் வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டிய மற்ற அடையாளங்களையும் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, தீனியும் புழுக்கையும். முயலுக்கு வாந்தி எடுக்க இயலாது. அதன் குடல் ஓயாது இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் உயிருக்கு இறுதி. அரை நாள் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் இடாமல் இருந்தால், நாளை பார்த்துக்கொள்வோம் என்று இராமல் அன்றே மருத்துவரிடம் விரைய வேண்டும். முதுகு வளைந்து உருண்டையாக அமர்ந்து, பல்லை உரக்க நறநறவெனக் கடித்தால் வயிற்றில் கடும் வலி. தடவிக் கொடுக்கும்போது மெல்லப் பல் உரசுவதோ மகிழ்ச்சியின் ஒலி, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. கொத்தாக வரும் மென்மையான ஒருவகைப் புழுக்கையை முயல் தானே குனிந்து தின்னும், அது நோயன்று. அதில்தான் அதற்கு வேண்டிய சத்து இருக்கிறது. அது தின்னப்படாமல் தரையில் ஒட்டிக் கிடந்தாலே கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது, முகம். மூக்கொழுகலை முயல் முன்காலால் துடைத்துக்கொள்ளும். ஆதலால் மூக்கைவிட முன்காலின் உட்புறத்து மயிரைப் பாருங்கள். அது பிசுபிசுத்து ஒட்டியிருந்தால் சளிநோய். காதை அடிக்கடி உதறிச் சொறிந்தால் உள்ளே பொருக்குத் தட்டியிருக்கும். அது உண்ணியால் வருவது, துணைக்கும் தொற்றும். தலை ஒருபுறம் சாய்ந்தால் காலம் தாழ்த்தலாகாது.

மூன்றாவது, கால்களும் பின்புறமும். வெறும் கம்பித் தரையில் நிற்கும் முயலுக்குப் பாதம் புண்ணாகும். மரப்பலகையோ வைக்கோலோ இட வேண்டும். மழைக்காலத்தில் பின்புறம் ஈரமாகவும் அழுக்காகவும் இருந்தால் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழு வைத்துவிடும். நாள்தோறும் திருப்பிப் பார்த்தல் நலம். ஆனால் முயலைக் குளிப்பாட்டுதல் வேண்டா. அச்சத்தாலும் குளிராலும் அது மாண்டுபோகக் கூடும்.

நான்காவது, வெயில். நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் அரசு ஆராய்ச்சி நிலையங்கள் முயல் வளர்ப்பதற்குக் காரணம் உண்டு. முயல் குளிர்ந்த நாட்டு விலங்கு. அதற்கு வியர்க்காது, காதுகள் வழியாகவே பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றும். 30 பாகைக்கு மேல் சென்றாலே அது துன்புறும். நம் நெல்லைச் சீமையின் சித்திரை, வைகாசி வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. மூச்சிரைத்து, வாயோரம் நனைந்து, நீட்டிப் படுத்துக் கிடந்தால் வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, காதுகளை ஈரத்துணியால் நனைத்து மருத்துவரை நாடுங்கள்; பனிக்கட்டி நீரில் முக்கிவிடாதீர்கள். கோடையில் கூண்டுக்குள் நனைந்த சாக்கு சுற்றிய மண்பானை ஒன்றை வைத்தால், இரண்டும் அதன்மேல் சாய்ந்து படுக்கும்.

ஐந்தாவது, மருந்து. வீட்டில் மீந்த பிள்ளைகளின் மருந்தை முயலுக்குக் கொடுத்தல் கொலைக்கு ஒப்பாகும். பென்சிலின், அமாக்சிசிலின் போன்றவற்றை வாய்வழியே கொடுத்தால், முயலின் குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்கள் அழிந்து நஞ்சு பெருகும். நோயைவிட மருந்து விரைந்து கொன்றுவிடும்.

தீனியைப் பொறுத்தவரை, பெரும்பங்கு புல்லே. அறுகு, குதிரைமசால், உலர்ந்த புல் ஆகியவை நல்லன. வயல் வரப்பில் அறுத்த புல்லாயின் பூச்சிமருந்து தெளித்ததா என்று கேட்டறிந்து, கழுவி ஈரம் போக்கி இடுக. சோறு, ரொட்டி, பிஸ்கட், முறுக்கு ஆகியவை வேண்டா. கேரட்டும் பழமும் பண்டம் போலச் சிறிதளவே. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், கண்ணுக்குத் தெரியாத மெலிவும் எண்ணில் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அந்தக் குறிப்பேடு மூத்தவளின் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெள்ளையின் பல்லை மருத்துவரிடம் காட்டும் நாளையும் அவளே நினைவூட்டுகிறாள்.

“ஏழை எளியோர் இருக்க, முயலின் பல்லுக்குச் செலவழிப்பது முறையா?” என்று ஞாயிறு திருப்பலி முடிந்து வரும்போது ஒரு பெரியவர் எங்களைக் கேட்டார். நியாயமான கேள்வி. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதனைத் தொடுகிறது. விலங்குகள் இறைவனின் படைப்புகள். அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம். தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே இழுக்கு என்கிறது. அதே மூச்சில், மனிதரின் துயர் துடைக்கச் செல்ல வேண்டிய பணத்தை விலங்குக்காக வாரியிறைப்பதும், மனிதருக்கே உரிய அன்பை விலங்குக்கு ஈவதும் தகாது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வழி தெளிவாகிறது. ஆடம்பரத் தீனியும் அலங்காரக் கூண்டும் தேவையில்லை. ஆனால் சுவருக்குள் அடைத்து, தானே இரைதேட வழியின்றிச் செய்துவிட்ட உயிர், நோவோடு கிடக்கும்போது கைவிடும் உரிமை நமக்கில்லை. அந்தச் செலவை ஏற்க இயலாதவர் முயலை வாங்காதிருப்பதே அறம். முயல் 8 முதல் 10 ஆண்டு வரை வாழக்கூடியது. புதுநன்மை வாங்கிய பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும் வரை அது உடனிருக்கும் என்பதைப் பரிசளிப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவைப் பற்றி முதன்முதலில் வரலாறு எழுதிய செலானோ நகரத் தோமா, ஒரு சிறு நிகழ்ச்சியைக் குறித்திருக்கிறார். கிரேச்சியோ என்னும் ஊரில் கண்ணியில் சிக்கிய முயல்குட்டி ஒன்றை ஒரு சகோதரர் அவரிடம் கொண்டுவந்தார். பிரான்சிஸ்கு அதன்மீது இரங்கி, இவ்வாறு ஏமாறலாமா என்று அன்போடு கடிந்தார். அதைக் கீழே விட்டபோதெல்லாம் அது அவர் மடிக்கே திரும்பி வந்ததாம். இறுதியில் சகோதரர்களைக் கொண்டு அதனை அருகிலிருந்த காட்டில் விடச் செய்தார். அவர் பாடிய படைப்புகளின் பாடலிலிருந்தே திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சி’ என்னும் சுற்றுமடலின் பெயரும் வந்தது. அந்த நிகழ்ச்சியில் எங்கள் மனத்தைத் தொடுவது, முயல் அவர் மடிக்கு வந்தது அன்று. அதற்கு உரிய இடம் தம் மடி அன்று எனக் கண்டு அவர் காட்டில் விட்டதே. தமக்கு இனியது எது என்று பாராமல், அதற்கு நல்லது எது என்று பார்த்த பார்வை அது.

அத்தகைய பார்வைக்குப் பெரும் கல்வி தேவையில்லை, நேரம் தேவை. மாலையில் குடும்பச் செபத்துக்கு முன் ஐந்து நிமிடம், கைப்பேசியை வைத்துவிட்டுக் கூண்டின் முன் அமர்ந்து பாருங்கள். இரண்டும் சேர்ந்து உண்கின்றனவா, சேர்ந்து படுக்கின்றனவா, புழுக்கை நேற்றைய அளவு இருக்கிறதா என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். அதே கண்ணோடு பிறகு உணவுத் தட்டுகளின் முன்னும் அமருங்கள். தட்டில் சோற்றை ஒதுக்குகிறவர் யார், வழக்கத்துக்கு மாறாகச் சினப்பவர் யார், ஓரமாக ஒதுங்கி அமர்கிறவர் யார் என்பது தெரியும். தெரிந்தால் கேளுங்கள். ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாலும், இன்னும் ஒருமுறை அன்போடு கேளுங்கள்.